பச்சை நூல் முடிச்சு

ராபினைப் போன வாரம் கோயம்புத்தூரில், ஓட்டம் தொடங்கும் கோட்டில் விட்டுவிட்டு வந்தோம். அவன் நெஞ்சில் ஊக்கு மாட்டிக் குத்தியிருந்தது அவனுடைய எண் அல்ல, வாஜித்தின் எண்.

மூன்று நண்பர்களும் சனிக்கிழமை முகேஷ்குமாரின் காரில் பாட்டும் கும்மாளமுமாகத் திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பியவர்கள். மாரத்தானில் முகேஷ்குமாருக்கு முழு ஓட்டம், வாஜித்துக்குப் பாதி ஓட்டம், ராபினுக்கு ஒன்றுமில்லை. அவன் இதயத்துச் சுவர் தடித்திருக்கிறது, இனி ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. துண்டும் தண்ணீர் பாட்டிலும் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கத்தான் போகிறேன் என்று, வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் அப்பாவிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனவன் அவன்.

வழியில் தின்ற எதுவோ ஒத்துக்கொள்ளாமல் வாஜித் வாந்தியெடுத்து லாட்ஜில் சுருண்டு படுத்துவிட்டான். மலைக்கோட்டையைச் சுற்றி ஓடிப் பழகும் இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுக்கு முடியாமல் போனால் அவன் எண்ணை இன்னொருவன் குத்திக்கொண்டு ஓடுவான். எண் சும்மா கிடக்கக் கூடாது. வாஜித் எண்ணை நீட்டினான். "மெதுவாப் போடா, முடியலைன்னா நின்னுக்க" என்றான். ராபின் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் பெயர், ரத்த வகை, ஏதாவது நோய் உண்டா, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் கேட்டிருக்கும். வாஜித் ஒழுங்கானவன். ஒன்றுவிடாமல் நிரப்பியிருந்தான். நோய் என்ற இடத்தில் 'இல்லை' என்றும், அவசரத்துக்கு அவன் அப்பா மைதீன் பிச்சையின் கைபேசி எண்ணையும் எழுதியிருந்தான்.

இவ்வளவும் நமக்குத் தெரியும். மரியநாதபுரத்து வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ராபினின் அக்கா ரீனாவுக்குத் தெரியாது.

*

வாசலில் பைக் சத்தம் கேட்டது. ரீனா இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். இரண்டடி நடந்தவள், திரும்பி வந்து பிடுங்கியாயிற்றா என்று பார்த்தாள். வேடசந்தூர் மில்லில் கணக்குப் பிரிவில் வேலை, சாயங்காலம் தட்டச்சு வகுப்பு. எங்கேயும் அவள் இப்படித்தான். எதையும் ஒரு தடவை பார்த்து நம்பமாட்டாள்.

"நான் செத்தாக்கூட இது மூக்குல ரெண்டு தடவை விரல வச்சுப் பாத்துட்டுத்தான் அழும்" என்று ராபின் கேலி செய்வான்.

வாசலில் மைதீன் பிச்சை நின்றார். வாஜித்தின் அத்தா. பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கிறவர். சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்.

"சார் இருக்காகளா? சார்!"

கிறிஸ்துராஜ் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். செய்தித்தாளும் கையுமாக வெளியே வந்தார். "என்ன பாய், இம்புட்டுக் காலையில?"

"வாஜித்து விழுந்துட்டானாம் சார். ஓடும்போது விழுந்துட்டானாம். ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுனாக. ஐசியூங்கிறாக. இங்கிலீசுல என்னமோ சொல்றாக. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மண்டி வண்டியும் லோடு ஏத்திப் போயிருச்சு."

கிறிஸ்துராஜ் செய்தித்தாளை மடித்து வைத்தார். "செத்த நேரம் உக்காருங்க. சட்டையப் போட்டுட்டு வாரேன். ரீனா, கார் சாவி எடு. நீயும் கிளம்பு, அந்தம்மாவுக்குத் துணை வேணும்."

ரீனா உள்ளே போனாள். சாவியை எடுத்தபோது மனசுக்குள் ஒரு குரல் சொன்னது: நல்ல வேளை, விழுந்தது ராபின் இல்லை. அந்த நினைப்பு வந்ததும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். அதில் நிம்மதியின் தெளிச்சி ஒன்று இருந்தது. வெட்கமாக இருந்தது.

அம்மா ஜெயமேரி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தாள். கோயிலுக்குள் நுழையும்போதே போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவாள். வாஜித் விழுந்துவிட்டான், பாய் மாமாவோடு கோவை போகிறோம் என்று ரீனா ஒரு செய்தி அனுப்பினாள். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்தாள்.

*

பேகம்பூரில் வாஜித்தின் அம்மா சைதூன் தெருமுனைக்கே வந்து நின்றாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் ஃபிளாஸ்க். காரில் ஏறியதும் ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கஞ்சி. கண்ணு முழிச்சா மொதல்ல அதத்தான் கேப்பான்."

முன்சீட்டில் உட்கார்ந்த மைதீன் பிச்சை தன் கைபேசியைப் பின்னால் நீட்டினார். "நீயே வச்சுக்கத்தா. அவுக பேசுனா நீ பேசு. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது அது அடித்தது. கோவை ஆஸ்பத்திரிதான். ஒரு நர்ஸ் பேசினாள். ரீனா கேட்டுக் கேட்டுச் சொன்னாள்.

"ரோட்டுலயே இதயம் நின்னுருச்சாம் மாமா. அங்கயே நெஞ்ச அமுக்கி, ஷாக் குடுத்து எடுத்துட்டாங்களாம். இப்பத் துடிக்குதாம். மூச்சுக்குக் குழாய் வச்சிருக்காங்க. இன்னும் நினைவு வரல."

சைதூனின் வாய் ஓதிக்கொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை.

"இதுக்கு முன்னாடி ஏதாவது பிரச்சினை இருந்துச்சான்னு கேக்குறாங்க."

"என் புள்ளைக்கா?" மைதீன் பிச்சை திரும்பிப் பார்த்தார். "காய்ச்சல் தலவலின்னு ஒருநாள் படுத்ததில்லன்னு சொல்லு. நம்பர்ப் பேப்பர்லயும் அப்பிடித்தான் எழுதுனான். நான்தான் பக்கத்துல இருந்தேன்."

ரீனா அதை அப்படியே சொன்னாள்.

கிறிஸ்துராஜ் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "தைரியமா இருங்க பாய். கோளாறு இருக்கது என் வீட்டுப் பயலுக்கு. உங்க பையன் இரும்பு. தண்ணி குடிக்காம ஓடியிருப்பான். நாம போய்ச் சேரக்குள்ள எந்திரிச்சு உக்காந்திருவான், பாருங்க."

"உங்க வாய்முகூர்த்தம் பலிக்கட்டும் சார்."

"நான் மட்டும் அன்னைக்கு ராபினுக்கு விட்டுக் குடுத்திருந்தேன்னா..." என்று ஆரம்பித்த கிறிஸ்துராஜ் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருடைய தம்பி கைப்பந்து ஆடும்போது மைதானத்தில் விழுந்து, எழாமலே போனவர். கண்ணாடியில் அப்பாவின் கண்களைப் பார்த்தாள் ரீனா. காலையில் தன் முகத்தில் பார்த்த அதே தெளிச்சி.

"ராபினுக்குப் போடும்மா. கூட இருக்கானான்னு கேளு."

மணி போய்க்கொண்டே இருந்தது. முகேஷ்குமாருக்கும் அப்படித்தான். அவன் ஓடிக்கொண்டிருப்பான், போனைக் காரில் வைத்துப் பூட்டியிருப்பான். ராபினுக்கு என்ன வந்தது?

"எடுக்கலப்பா."

"எடுக்க மாட்டான்! சிநேகிதன் குழாய மாட்டிக்கிட்டுக் கெடக்கான், தொர போன எடுக்க மாட்டாரு. தண்ணி பாட்டில் பிடிக்கப் போனவனுக்கு என்ன வேலை அங்க? வரட்டும் வீட்டுக்கு!"

"வையாதீக சார்" என்றாள் சைதூன். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் வாய்விட்டுப் பேசியது அதுதான். "அவனும் புள்ளதான? அவன்தான் கூட நின்னு ஆம்புலன்சுல ஏத்தி விட்டிருப்பான். பயந்து போயி எங்கயாச்சும் ஒக்காந்திருப்பான். பாவம்."

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. கிறிஸ்துராஜ் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். சாதாரணமாக அவர் ஹாரன் அடிக்கிறவர் அல்ல.

*

ஆயக்குடிக்குக் கொஞ்சம் முன்னால் கைபேசி மறுபடியும் அடித்தது. அதே நர்ஸ்.

"ஏனுங்க, வாஜித்தோட வீட்டுக்காரங்கதானுங்க? இவரு உடம்புல இருந்த சாமானெல்லாம் எடுத்து வச்சிருக்கமுங்க. வாட்ச் ஒண்ணு. அப்புறம், கழுத்துல ஒண்ணு போட்டிருந்தாருங்க, ஷாக் குடுக்கறதுக்காகக் கழட்டிட்டாங்க. பழுப்புத் துணியில ரெண்டு சின்னத் துண்டு, நூல்ல கோத்தது. மாதா படம் போட்டிருக்குதுங்க. நீங்க முஸ்லிமுங்கதானுங்களே, ஏதாச்சும் வேண்டுதலுங்களா? பக்கத்துலயே வைக்கட்டுங்களா?"

ரீனாவுக்கு அது என்னவென்று தெரியும்.

அது உத்தரியம். சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து ராபின் கழுத்தில் கிடப்பது. குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டான். போன ஈஸ்டருக்கு முன்னால் நூல் அறுந்துபோனது. பழுப்பு நூல் கிடைக்கவில்லை என்று அம்மா தையல் பெட்டியில் கிடந்த வேறு நூலை எடுத்து ஒட்டுப் போட்டாள். "கிளி மாதிரி இருக்கும்மா" என்று அவன் முனகினான்.

"நூல் என்ன கலரு?"

"பழுப்புங்க. ஒரு பக்கம் மட்டும் பச்சை நூலுல முடிச்சுப் போட்டிருக்குதுங்க."

"நான்... திரும்பக் கூப்பிடுறேன்."

கைபேசியை மடியில் வைத்தாள். அதை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"என்னத்தா சொல்றாக? என்ன நூலு?" சைதூன் அவள் முகத்தையே பார்த்தாள்.

"சாமானெல்லாம் பத்திரமா வச்சிருக்காங்களாம் அத்தை."

முதல் பொய். அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவில்லை. ரீனா வழக்கம்போல் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ராபின் உத்தரியத்தை வாஜித்துக்குப் போட்டுவிட்டிருக்கலாம். ஏன் போடுவான்? வாஜித் ஏன் வாங்கிக்கொள்வான்? வேறு யாரோ ஒரு கிறிஸ்தவப் பையனாக இருக்கலாம். அவனுடைய அம்மாவும் பச்சை நூலில் முடிச்சுப் போட்டிருக்கலாம். வாஜித் என்கிற பெயரும் மைதீன் பிச்சையின் எண்ணும் அவன் நெஞ்சில் எப்படி வந்தன?

எண் சும்மா கிடக்கக் கூடாது. ராபின் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். முகேஷ்குமாருக்குக் கால் சுளுக்கியபோது அவன் எண்ணில் ஓடிவிட்டு வந்து, பதக்கத்தை அவனுக்கே கொடுத்த கதையை வீட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவன் அவன்தானே.

எல்லாக் கூட்டலும் ஒரே விடையில் வந்து நின்றது.

பக்கத்தில் ஒரு தாய் பிள்ளைக்காக ஓதிக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அதைச் சொன்னால் அவள் மூச்சு திரும்பும். சொல்வதற்கு இருக்கிற வார்த்தைகளோ முன்சீட்டில் வண்டி ஓட்டுகிறவரின் மூச்சை நிறுத்திவிடும். அப்பாவின் பிடரியைப் பார்த்தாள். நேற்றுத்தான் முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். காதுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. கோவை போய்ச் சேரும்வரை பேசாமல் இருந்துவிட்டால்? எதிரே லாரி மேல் லாரியாக வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. 'ஒருநாள் படுத்ததில்ல.' அவள் வாயாலேயே சொன்னது. அந்த டாக்டர்கள் நல்ல இதயம் என்று நினைத்துக்கொண்டு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்பா, நிறுத்துங்க."

"என்னம்மா?"

"வாந்தி வருது. ஓரமா நிறுத்துங்கப்பா. இப்பவே."

*

சாலையோரத்தில் கொய்யாக் கூடைகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ரீனா இறங்கியதும் எழுந்தாள்.

"வாங்க கண்ணு, காலையில பறிச்சதுங்க. மொளகாப்பொடி தூவித் தரட்டுங்களா?"

ரீனா தலையை ஆட்டிவிட்டு, கூடைகளைத் தாண்டி வேலியோரம்வரை நடந்தாள். மைதீன் பிச்சையின் கைபேசியில் அந்த எண்ணை அழுத்தினாள்.

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. அவருக்குத் தாடி இருக்கா?"

"தாடிங்களா? இல்லீங்களே. மழுமழுன்னு சேவிங் பண்ணியிருக்காருங்க. ஏனுங்க?"

வாஜித்துக்குக் கல்லூரி நாளிலிருந்தே தாடி.

ரீனா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, வகுப்பில் பார்த்து வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "சிஸ்டர், அது வாஜித் இல்ல. அவன் நம்பர மாட்டிக்கிட்டு ஓடியிருக்கான். அது என் தம்பி. பேரு ராபின். அவனுக்கு இதயத் தசை தடிச்சிருக்கு. மூணு மாசத்துக்கு முன்னாடி எக்கோ எடுத்துப் பாத்து, ஓடவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ரிப்போர்ட் என் போன்ல இருக்கு, இப்பவே அனுப்புறேன். டாக்டர்கிட்டச் சொல்லுங்க. உடனே சொல்லுங்க."

அந்தப் பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம். "டாக்டர்! டாக்டர், இவருக்கு முன்னயே ஹார்ட்டுல கோளாறாமுங்க, அந்த டிரிப்ப நிறுத்தோணுமாங்க, கொஞ்சம் வாங்க!" நர்ஸ் ஓடுவது கேட்டது. இணைப்பு அறுந்தது.

தன்னுடைய போனை எடுத்து ரிப்போர்ட்டைத் தேடி அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தாள். திரும்பினாள்.

கிறிஸ்துராஜ் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். மகள் வாந்தியெடுத்தால் வாய் கொப்பளிக்கட்டும் என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பாட்டில் சாய்ந்து தண்ணீர் அவர் செருப்பின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை.

"ரெண்டு தடவை கேட்டியாம்மா?" என்றார்.

"கேட்டேம்ப்பா."

அவர் தலையை ஆட்டினார். மாணவன் போட்ட கணக்கைச் சரிபார்த்துவிட்டு ஆட்டுகிற மாதிரி. "சத்தியம் பண்ணிட்டுப் போனானே" என்றார். காலி பாட்டிலைக் கீழே போடாமல் மூடியைத் திருகி மூடினார்.

மைதீன் பிச்சை காரிலிருந்து இறங்கி வந்தார். "என்ன சார்? புள்ளைக்கு என்ன? எதையும் மறைக்காதீக. எங்கிட்டச் சொல்லுங்க."

"மாமா..." ரீனா அவர் பக்கம் திரும்பினாள். "வாஜித் நல்லா இருக்கான். அவன் ஓடவே இல்ல. அவன் நம்பர்ல ஓடுனது ராபின்."

கார்க் கதவு திறந்திருந்தது. சைதூனுக்கு எல்லாம் கேட்டது.

"அல்ஹம்து..."

இறைவனுக்கு நன்றி சொல்ல வந்தவள், பாதியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அடைப்பதற்குள் அவள் முகம் ஒரு நொடி விளக்கேற்றியதுபோல் ஆனது. அதை அவளால் மறைக்க முடியவில்லை. ரீனா பார்த்தாள். கோபம் வரவில்லை. அந்த வெளிச்சத்தைக் காலையில் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மைதீன் பிச்சை அப்படியே நின்றார். கடைசியில் கிறிஸ்துராஜின் கைக்குள் இருந்த சாவியை மெல்ல விரல் பிரித்து எடுத்தார்.

"நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க சார். நான் ஓட்டுறேன்."

"பாய், உங்க பையனுக்கு ஒரு போன் போட்டுப் பேசிருங்க. பெத்தவ மனசு..."

"அவன் கெடக்கான் சார்!" மைதீன் பிச்சையின் குரல் உடைந்தது. "அவன்தான நம்பரக் குடுத்திருக்கான். கேடுகெட்ட பய. வந்து பேசிக்கிறேன். மொதல்ல ஏறுங்க."

கொய்யாக்காரப் பெண் ஒன்றும் புரியாமல் கையில் கத்தியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் தண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டுவந்து கிறிஸ்துராஜிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். "நல்லா இரும்மா" என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

*

மைதீன் பிச்சை வேகமாக ஓட்டினார். பழனி மலை இடப்புறம் வந்து பின்னால் போனது. யாரும் பார்க்கவில்லை. கிறிஸ்துராஜ் காலி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சைதூன் ரீனாவை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். ஃபிளாஸ்கை எடுத்து ரீனாவின் மடியில் வைத்தாள்.

"ராபினும் கஞ்சி குடிப்பான்ல?" என்றாள் மெதுவாக.

"குடிப்பான் அத்தை."

அவள் மறுபடி ஓதத் தொடங்கினாள். இந்தத் தடவை சத்தமாக, பெயர் சொல்லி.

ரீனாவின் போன் அடித்தது. 'அம்மா' என்று வந்தது. எடுக்காமல் இருக்க முடியாது. எடுத்தாள்.

"ஏண்டி, இப்பத்தான் பாத்தேன். பூச முடிஞ்சு ஃபாதர்கிட்ட ஓடுனேன். வாஜித்து பேரச் சொல்லி, இருந்த சனம் அம்புட்டும் முழங்கால் போட்டு வேண்டிக்கிட்டோம். இப்ப எப்பிடி இருக்கான்? ஏதும் தெரிஞ்சுதா?"

"ம்மா..."

"சைதூனு பக்கத்துலதான இருக்கா? பெத்த வயிறு, எப்பிடித் துடிப்பா! இந்த ராபின் பய பேசுனானா? வெறும் வயித்தோட அழுதுக்கிட்டுக் கெடப்பான். அவனுக்கு நெஞ்சுல வேற கோளாறு, ரொம்ப அலைய வேண்டாம்னு சொல்லு. அவன்ட்ட ரெண்டு இட்லியாச்சும் சாப்பிடச் சொல்லு. கேக்குதா? சரி, சைதூன்ட்ட குடு. நான் ரெண்டு வார்த்த தைரியம் சொல்றேன்."

அம்மாவின் குரல் கார் முழுவதும் கேட்டது. முன்சீட்டில் அப்பாவின் தோள் ஒரு தடவை குலுங்கி நின்றது.

சைதூன் கையை நீட்டினாள். ரீனா தயங்கினாள். சைதூன் போனை அவள் விரல்களிலிருந்து தானே எடுத்துக் காதில் வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ஜெயமேரி, நாந்தான். கோயில்லதான் இருக்கியா? நின்னுக்கிட்டா இருக்க? மொதல்ல உக்காரு தாயி. பக்கத்துல யாரையாச்சும் கையப் பிடிச்சுக்கச் சொல்லு. உக்காந்துட்டியா?"

அந்த நேரம் ரீனாவின் மடியில், ஃபிளாஸ்குக்குப் பக்கத்தில் கிடந்த மைதீன் பிச்சையின் கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி எண். மைதீன் பிச்சையின் கால் வேகத்தைக் குறைத்தது. அப்பா திரும்பிப் பார்த்தார்.

ரீனா அந்த எண்ணை ஒரு தடவைதான் பார்த்தாள். எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க. ராபினோட அக்கா பேசுறேன்."